சோதனைக் குழாயில் என்ன இருந்தது?

ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சில பெண்கள் கூடிப் புத்தகம் வாசிக்கிறோம். தாம்பரத்திலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் மின்சார ரயிலில் வரும் கல்லூரி மாணவிகள், தையல் கடை நடத்தும் ஒருவர், பணி ஓய்வு பெற்ற செவிலியர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்த நான். 2024 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்து, கமலா ஹாரிஸ் தோற்றுப்போன பேச்சு அடங்காத நாட்களில், அவர் 2019இல் வெளியிட்ட 'தி ட்ரூத்ஸ் வி ஹோல்டு' என்ற தன்வரலாற்றை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர்கள் பகுதி பகுதியாகத் தமிழில் சொன்னோம்.

அம்மாவைப் பற்றிய பக்கங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தன. பத்தொன்பது வயதில் தனியாகக் கடல் கடந்தவள், மனம் விரும்பியவரை மணந்தவள், பிரிந்த பிறகு இரண்டு பெண் குழந்தைகளைத் தானே வளர்த்தவள். அப்போது உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி கேட்டாள்: "அதெல்லாம் சரி மேடம். அந்தம்மா விஞ்ஞானின்னு சொல்றாங்களே, என்னதான் கண்டுபிடிச்சாங்க?"

மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி என்று யாரோ சொன்னார்கள். "அதுல என்ன?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று வருடம் தவறாமல் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். அந்தப் படத்தின் ஒரு மூலையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கையெழுத்து இருக்கிறது என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதும் பதில். அந்தக் கேள்வி நமக்கு ஏன் இதுவரை எழவில்லை என்பதைப் பற்றிய விசாரணையும்கூட.

நமக்கு என்னென்ன தெரியும் என்று முதலில் பார்ப்போம். 2020 ஆகஸ்டில் கட்சி மாநாட்டு மேடையில் கமலா 'சித்தி' என்ற தமிழ்ச் சொல்லை உச்சரித்தார் என்பது தெரியும். இட்லி பிடிக்கும் என்பது தெரியும். தேர்தலில் வெல்ல வேண்டி சென்னையில் இருக்கும் சித்தி 108 தேங்காய் உடைத்தார் என்பது எண்ணிக்கை பிசகாமல் தெரியும். மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி, பட்டாசு வெடித்து, தர்மசாஸ்தா கோயிலில் அபிஷேகம் செய்த செய்தி எல்லா நாளிதழிலும் வந்தது. அந்த ஊர் ஷியாமளாவின் தந்தை பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர். ஷியாமளா 1938இல் பிறந்தது சென்னையில்; அரசுப் பணியில் இருந்த தந்தையோடு ஊர் ஊராகப் போய், கல்லூரிப் படிப்பை முடித்தது டெல்லியில். தாத்தாவின் ஊரும் பேத்தியின் பதவியும் செய்தியாயின. நடுவில் இருந்த பெண் இரண்டையும் இணைக்கும் பாலமாக மட்டும் நின்றாள்.

தமிழ்ப் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மகள் எழுதிய புத்தகத்திலேயே இது தொடங்குகிறது. ஒரு சின்ன இடத்தைக் கவனியுங்கள். இரண்டு பிரசவத்தின்போதும் அம்மா கடைசி நிமிடம்வரை வேலை செய்துகொண்டிருந்தாள் என்கிறார் கமலா. முதல் முறை பனிக்குடம் உடைந்தது ஆய்வகத்தில். இரண்டாம் முறை ஆப்பிள் வைத்துச் செய்யும் ஸ்ட்ரூடல் என்ற பலகாரத்தைச் செய்துகொண்டிருந்தபோது. எவ்வளவு அழகான இணை! ஆய்வகமும் அடுப்படியும் ஒரு பெண்ணின் இரு கைகள்போல அமைந்துவிடுகின்றன. ஆனால் அடுப்பில் என்ன இருந்தது என்று நமக்குச் சொல்லப்படுகிறது. ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் என்ன இருந்தது என்று சொல்லப்படவில்லை. பலகாரத்துக்குப் பெயர் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இல்லை.

இது மகளின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அரசியல்வாதி தேர்தலை மனத்தில் வைத்து எழுதும் நூலில் புரோட்டீன் பிரித்தெடுக்கும் முறையை எதிர்பார்க்க முடியாது. அம்மாவைப் பறிகொடுத்த மகளுக்கு அம்மாவாகத்தான் அவள் நினைவிருப்பாள். ஆனால் இதே போன்ற நூல்களில் தந்தை விஞ்ஞானியாக இருந்தால் அவர் எதை ஆராய்ந்தார் என்று ஒரு வாக்கியமாவது வந்துவிடும். இல்லையென்றால் விமர்சகர்கள் தேடிப் போய்ச் சேர்த்துவிடுவார்கள். பெண் விஞ்ஞானியின் வாழ்க்கையில் அந்த இடம் காலியாக இருந்தாலும் வாசிப்பவருக்கு உறுத்துவதில்லை. எங்களில் ஒருத்திக்குத்தான் உறுத்தியது. அவளுக்கு இருபது வயது. அது அவள் படிக்கும் பாடம் என்பதால்.

தேடத் தொடங்கியபோது முதல் தடை பெயர்தான். ஷியாமளா கோபாலன் என்று தேடினால் பேத்தி, மகள், ஊர், தேங்காய் எல்லாம் வரும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வராது. ஷியாமளா ஹாரிஸ் என்றாலும் அதே கதை. அவர் தன் அறிவியல் கட்டுரைகளில் போட்டுக்கொண்ட பெயர் ஜி. ஷியாமளா. நம் ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரில் முதல் எழுத்து, பிறகு தன் பெயர். அமெரிக்க வழக்கத்தில் கடைசியில் வருவது குடும்பப் பெயர் என்பதால் அறிவியல் அட்டவணைகளில் 'ஷியாமளா' என்பதே அவருடைய குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது. திருமணத்துக்கு முன்னும் பின்னும் விவாகரத்துக்குப் பிறகும் பெரும்பாலும் அதே பெயர்தான். தன் சொந்தப் பெயரிலேயே வம்சம் தொடங்குவதுபோல் ஒரு பெண் நாற்பது ஆண்டுக்காலம் எழுதியிருக்கிறாள். நாம் அவளைத் தந்தை பெயரிலும் கணவர் பெயரிலும் மகள் பெயரிலும் தேடிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பாதை தெளிவாகத் தெரிகிறது. டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் அவர் படித்தது மனையியல். விஞ்ஞானியாக வேண்டும் என்ற எண்ணம் இருந்த பெண்ணுக்கு அந்தக் கல்லூரி கொடுத்தது அதுதான். மனையியலில் என்ன சொல்லித்தருகிறார்கள், சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கவா என்று அப்பாவும் தம்பியும் கேலி செய்ததைத் தம்பியே பின்னாளில் பத்திரிகைகளிடம் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கேலிக்கு ஷியாமளா சொன்ன பதில் வீட்டுக்குத் தெரியாமல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு விண்ணப்பம் போட்டது. 1958இல், சத்துணவியலும் நாளமில்லாச் சுரப்பியியலும் படிக்க இடம் கிடைத்தது.

மனையியலைக் கேலி செய்வது எளிது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அறிவியலுக்குள் நுழைந்த பெண்களில் எத்தனை பேர் சமையலறை வாசல் வழியாக வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஷியாமளா போய்ச் சேர்ந்த பெர்க்லியிலேயே ஆக்னஸ் ஃபே மார்கன் என்ற வேதியியலாளர் இருந்தார். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர் மனையியல் துறையில்தான் பல பத்தாண்டுகள் தலைமை வகித்தார். அதற்குள்ளேயே வைட்டமின் ஆராய்ச்சியை நடத்தினார். பெண்களை ஒதுக்கி வைக்க ஆண்கள் கட்டிக்கொடுத்த அறையைப் பெண்கள் ஆய்வகமாக்கினார்கள்.

1964இல் ஷியாமளா முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள்: முழுக் கோதுமை மாவிலிருந்து டிரிப்சின் தடுப்பான் ஒன்றைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்தல். டிரிப்சின் நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதி. தானியங்களிலும் பருப்புகளிலும் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும் புரதங்கள் இருக்கின்றன. பயறு வகைகளில் இருப்பவற்றைப் பெருமளவு சூடு செயலிழக்கச் செய்கிறது. பருப்பைக் குழைய வேக வைக்க வேண்டும் என்று பாட்டிகள் சொன்னதில் இந்த வேதியியலும் இருக்கிறது. இங்கே இன்னொரு பெண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், பெண் என்பதற்காகவே சி.வி. ராமன் இடம் மறுக்க, அவர் அறை முன் விடாப்பிடியாக நின்று நிபந்தனைகளோடு இடம் பெற்றவர் கமலா சோஹோனி. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, நம் குன்னூர் சத்துணவு ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். பிறகு மும்பையில் அவர் ஆராய்ந்தவற்றில் இந்திய உணவுப் பொருட்களில் உள்ள டிரிப்சின் தடுப்பான்களும் உண்டு. இரண்டு பெண்களும் ஒரே மூலக்கூறின் முன் வந்து நின்றிருக்கிறார்கள். தற்செயல் என்று தள்ளிவிடலாம். இந்தியப் பெண்ணுக்கு அறிவியல் திறந்துவிட்ட கதவு எதுவென்றும் கேட்கலாம். சோஹோனியையும் நாம் ராமன் மறுத்த பெண்ணாகவே சொல்கிறோம். கதை வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே போய் அவர் என்ன செய்தார் என்று சொல்பவர் குறைவு.

1964 இன்னும் இரண்டு காரணங்களுக்காக நினைவில் நிற்க வேண்டிய ஆண்டு. கொலஸ்ட்ராலையும் கொழுப்பு அமிலங்களையும் உடல் எப்படிக் கட்டமைக்கிறது என்று கண்டறிந்ததற்காக கொன்ராட் பிளாக்கும் ஃபியோடர் லைனனும் அந்த ஆண்டு மருத்துவ நோபல் பெற்றார்கள். என் வகுப்பில் நான் தவறாமல் சொன்ன பெயர்கள் இவை. அதே ஆண்டு வேதியியல் நோபல் டோரதி ஹாட்ஜ்கினுக்குக் கிடைத்தது. கொலஸ்ட்ரால் மூலக்கூறின் உருவத்தை எக்ஸ் கதிர் கொண்டு நிறுவியதும் அவருடைய பணிகளில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசி ஒருவர் நோபல் வென்றார் என்ற பொருளில் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் தலைப்புப் போட்டது. அந்த வருடம்தான் ஷியாமளா இருபத்தைந்து வயதில் முனைவரானார், அக்டோபரில் தாயுமானார்.

அதன் பிறகு அவர் கோதுமையை விட்டுவிட்டுக் கொலஸ்ட்ராலின் பிள்ளைகளிடம் வந்தார். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய பெண் ஹார்மோன்கள் இரண்டையும் உடல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது. அவை கொழுப்பின் வகையைச் சேர்ந்தவை. இன்சுலின் போன்ற ஹார்மோன் செல்லின் சுவருக்கு வெளியே நின்று கதவைத் தட்டும். ஸ்டீராய்டு ஹார்மோன் கொழுப்பில் கரைவதால் செல்லுக்குள் நேரே நுழைந்துவிடும். நுழைந்த பின் அதைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். எந்த செல்லில் அந்த ஏற்பி இருக்கிறதோ அதற்குத்தான் அந்த ஹார்மோனின் பேச்சு கேட்கும். 1960களில் உயிர்வேதியியலில் சூடாக இருந்த கேள்விகளில் ஒன்று இந்த ஏற்பியைப் பற்றியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜாக் கோர்ஸ்கியுடன் சேர்ந்து ஷியாமளா 1969இல் வெளியிட்ட கட்டுரை எலியின் கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி செல்லின் திரவப் பகுதியிலும் உட்கருவிலும் எப்படிப் பிணைகிறது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்பதை ஆராய்ந்தது. அப்போது மூத்த மகளுக்கு ஐந்து வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம், இளையவளுக்கு இரண்டு. நான் கரும்பலகையில் வரைந்த படம் அந்த ஆய்வுகளிலிருந்து வந்தது.

பிறகு அவர் கருப்பையிலிருந்து பால் சுரப்பிக்கு வந்தார். ஆயுள் முழுவதும் அங்கேயே இருந்தார். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். புற்றுநோயை ஆராய்ந்தவர் என்று ஒற்றை வரியில் சொல்லும்போது அவர் நோயை மட்டுமே பார்த்ததுபோல் ஆகிவிடுகிறது. அவருடைய கட்டுரைகளில் பல இயல்பான பால் சுரப்பியைப் பற்றியவை. பூப்பெய்தும்போது, சூலுறும்போது, பால் கொடுக்கும்போது, பால் மறக்கும்போது அந்த உறுப்பு எப்படி மாறுகிறது? எந்தப் பருவத்தில் எந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்கிறது, எப்போது காதைப் பொத்திக்கொள்கிறது? இயல்பு தெரியாமல் பிறழ்வு புரியாது என்பது அந்தப் பணியின் அடிப்படை.

சாண்ட்ரா ஹாஸ்லத்துடன் 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். கர்ப்பக் காலத்தில் புரோஜெஸ்டிரோன் இரண்டு வேலை செய்கிறது: பால் சுரப்பியை வளர்க்கிறது, அதே நேரம் பால் சுரக்காமல் தடுத்து வைக்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் அந்த ஹார்மோன் சரிகிறது, பால் இறங்குகிறது. பால் கொடுக்கும் காலத்தில் சுண்டெலியின் பால் சுரப்பியில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி காணப்படுவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஹார்மோன் வந்தாலும் கேட்கக் காது இல்லை. தாய்ப்பால் என்றால் தியாகம், தெய்வம் என்று நாம் பாடிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் உட்கார்ந்து அந்த உறுப்பு எப்படி முடிவெடுக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள்.

அடுத்தது மார்பில் இருக்கும் கொழுப்பைப் பற்றியது. பால் நாளங்கள் கொழுப்புத் திசுவுக்குள்தான் கிளை விட்டு வளர்கின்றன. அந்தக் கொழுப்பு வெறும் மெத்தை என்று கருதி ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் நாளங்களையே பார்த்தார்கள். ஹாஸ்லமும் ஷியாமளாவும் 1981இல் சுண்டெலியின் பால் சுரப்பியை நாளத்தின் செல்கள், கொழுப்பு, இணைப்புத் திசு என்று பகுத்து ஏற்பிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தார்கள். 1984இல் ஃபெரன்சியுடன் எழுதிய கட்டுரையில் ஈஸ்ட்ரோஜனின் செயல் முதலில் தொடங்கும் இடமாகவே அந்தக் கொழுப்புத் திண்டு இருக்கக்கூடும் என்ற கருத்தை ஷியாமளா முன்வைத்தார். ஒரு செல்லை அதன் அக்கம்பக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் இன்று மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் சாதாரணமாகிவிட்டது. பெண்ணின் உடலில் இருக்கும் கொழுப்பை அழகு என்றும் அசிங்கம் என்றும் பேசியே பழகிய நமக்கு, அது ஹார்மோனோடு உரையாடும் திசு என்பது புதிதாக இருக்கலாம்.

கடைசியாக 1998. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் அவர் குழு வெளியிட்ட ஆய்வு. புரோஜெஸ்டிரோன் ஏற்பியில் ஏ, பி என இரு வடிவங்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே ஓர் இயல்பான விகிதம் இருக்கிறது. மரபணு மாற்றத்தால் ஏ வடிவத்தைக் கூடுதலாக்கிய சுண்டெலிகளில் பால் நாளங்கள் அளவுக்கு மீறிக் கிளைத்தன, செல்கள் பெருகின, அவற்றைத் தாங்கும் அடிச்சவ்வு சீர்குலைந்தது. ஏற்பி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது, எது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும் என்று அந்த ஆய்வு சொன்னது. அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பணி எந்தச் சூழலில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லினாய், விஸ்கான்சின், பெர்க்லி, பிறகு 1976இல் இரண்டு மகள்களோடு கனடாவின் மான்ட்ரியல். அங்கே யூதப் பொது மருத்துவமனையின் லேடி டேவிஸ் ஆய்வு நிறுவனத்திலும் மெக்கில் பல்கலைக்கழகத்திலும் பதினாறு ஆண்டுகள். பெர்க்லியில் தனக்கு வர வேண்டிய உயர்வு ஓர் ஆணுக்குப் போனதால்தான் அவர் ஊரை விட்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. மகளின் வாழ்க்கை வரலாற்றில் மான்ட்ரியல் என்பது பிரெஞ்சு புரியாத, பனி கொட்டும் ஊரில் கழிந்த வளர்பருவம். ஷியாமளாவின் கட்டுரைப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அதுவே பால் சுரப்பி ஏற்பி ஆராய்ச்சியின் மிகச் செழிப்பான காலம். ஒரே இடப்பெயர்ச்சி ஒரு நூலில் இழப்பு, இன்னொரு பட்டியலில் விளைச்சல். இரண்டாவதை நாம் வாசிக்கவே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் மாலை போடுகிறவள் ஆகிவிடுவேன். 1958இல் ஒரு பெண் தனியாக அமெரிக்கா போக முடிந்ததற்கு அவளுடைய துணிச்சல் மட்டும் காரணமில்லை. தந்தை உயர் அரசுப் பணியில் இருந்தார். முதலாண்டுச் செலவுக்குத் தன் ஓய்வுக்கால சேமிப்பைக் கொடுத்தார். ஆங்கிலமும் தலைமுறைகளாகப் படிப்பும் வாய்த்த பிராமணக் குடும்பம். அதே ஆண்டு அதே துளசேந்திரபுரத்தில் நாற்று நட்ட பெண்ணின் மகளுக்கு எந்தப் பல்கலைக்கழக விண்ணப்பமும் கைக்கு எட்டியிருக்காது. பெர்க்லியில் ஆய்வகத்திலிருந்து இரவு தாமதமாகத் திரும்ப முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரெஜினா ஷெல்டன் என்ற கறுப்பினப் பெண் குழந்தைகள் காப்பகம் நடத்தினார். குழந்தைகள் அங்கே சாப்பிட்டார்கள், விளையாடினார்கள், சில இரவுகள் தூங்கவும் செய்தார்கள். பின்னாளில் கமலா பதவி ஏற்றபோது ஷெல்டனின் பைபிள் மீது கை வைத்தார். அந்த நன்றியைப் பாராட்டுகிறேன். அறிவியல் கட்டுரைகளின் நன்றியுரையில் வேதிப்பொருள் தந்தவர் பெயர் இருக்கும், குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் பெயர் இருக்காது என்பதையும் சேர்த்து நினைக்கிறேன்.

அம்மாவுக்கு வாழ்க்கையில் இரண்டு குறிக்கோள்கள், மகள்களை வளர்ப்பதும் மார்பகப் புற்றுநோயை ஒழிப்பதும் என்று கமலா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் 'உம்' போட்டு அருகருகே வைக்கும்போது ஆராய்ச்சியும் தாய்மையின் நீட்சியாகிவிடுகிறது: வீட்டில் மகள்களைக் காத்தவள், வெளியே பெண்குலத்தைக் காத்தவள். ஆர்வத்துக்காக, விடை தெரிய வேண்டும் என்ற அரிப்புக்காக, இன்னொருவர் தவறு என்று நிரூபிப்பதற்காகக்கூட ஒரு பெண் ஆராய்ச்சி செய்யலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆண் விஞ்ஞானியிடம் நாம் தியாகத்தை எதிர்பார்ப்பதில்லை. பிளாக் கொலஸ்ட்ராலை ஆராய்ந்தது யாருடைய தாய் என்ற முறையில் என்று யாரும் கேட்டதில்லை.

விஞ்ஞானியாகப் படிப்பது என்றால் அவருடைய முடிவுகள் மாறியதையும் படிப்பது. 1969 கட்டுரை சார்ந்திருந்த மாதிரியில், ஹார்மோன் வரும்வரை ஏற்பி செல்லின் திரவப் பகுதியில் காத்திருந்து பிறகு உட்கருவுக்குப் போகிறது. 1984இல் கோர்ஸ்கியின் ஆய்வகமே, ஹார்மோன் இல்லாதபோதும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கிறது என்று காட்டியது. பழைய படத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இதில் அவமானம் எதுவுமில்லை. திருத்தப்படுவது ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் மரியாதை. அவர் சொன்னதைப் பொருட்படுத்தினார்கள் என்று பொருள். தெய்வமாக்கிய தாயை யாரும் திருத்த முடியாது. அதனால்தான் அந்தப் பீடம் எனக்கு உவப்பாக இல்லை.

அடுத்த மாதம் கூடியபோது இதையெல்லாம் சொன்னேன். தையல் கடை வைத்திருக்கும் அக்கா எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு பக்க மார்பு எடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த பரிசோதனை அறிக்கை. "இதுல ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ்னு போட்டிருக்கு. நல்லதுதான்னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. என்னன்னு கேட்டேன், உங்களுக்குப் புரியாதும்மான்னுட்டாங்க. அந்த பி.ஆர். இதுதானா?"

இதுதான். புரோஜெஸ்டிரோன் ரிசெப்டர். அந்தப் பரிசோதனையை ஷியாமளா கண்டுபிடிக்கவில்லை. கட்டியில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி இருந்தால் ஈஸ்ட்ரோஜனின் வழி அங்கே வேலை செய்கிறது என்று பொருள், ஹார்மோனைத் தடுக்கும் மருந்துக்கு அது இணங்க வாய்ப்பு அதிகம் என்ற கருத்தை 1975இல் முன்வைத்தவர்களில் கேத்தரின் ஹார்விட்ஸ் என்ற பெண்ணும் இருந்தார். அந்த ஏற்பி இயல்பான பால் சுரப்பியில் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது, எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்று தேடியவர்களில் ஷியாமளா முக்கியமானவர். பல கைகள் சேர்ந்து எழுதிய இரண்டெழுத்து அது. மாணவி தன் நோட்டில் ஒரு செல்லை வரைந்து, ஹார்மோனைப் புள்ளியாகவும் ஏற்பியைக் கிண்ணமாகவும் போட்டு அக்காவுக்கு விளக்கினாள். மாத்திரை இந்தக் கிண்ணத்தை அடைத்துக்கொள்கிறது என்றாள். அக்கா அந்தத் தாளைக் கிழித்து வாங்கி அறிக்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

ஷியாமளா 2009 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். கோயில் கல்வெட்டில் பேத்தியின் பெயர் இருக்கிறது. பாட்டியாக, தாயாக, மகளாக அவரை நினைவுகூர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் மாணவிகளில் பலர் உயிர்வேதியியலை முடித்துவிட்டு, வீட்டில் சொல்கிறார்கள் என்று பி.எட். விண்ணப்பம் வாங்குகிறார்கள். எங்கள் மாணவியின் வீட்டிலும் அந்தப் பேச்சு நடக்கிறது. விஞ்ஞானியான பெண்ணின் கதையை அவளுக்கு நாம் தாயின் கதையாகச் சொன்னால், தாயாவதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று அவள் வீட்டார் கேட்பது நியாயமாகவே தெரியும். அவள் இப்போது 1979 கட்டுரையை வைத்துக்கொண்டு அகராதியோடு உட்கார்ந்திருக்கிறாள். முறைகள் பகுதியில் நான்காவது வரி புரியவில்லை என்று நேற்று இரவு எனக்கு ஃபோன் செய்தாள். எனக்கும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து பார்ப்போம் என்றேன்.